ஒரு ஞாயிறுக்கு ஒரு மெழுகுவர்த்தி: கெம்னிட்ஸ் தம்பிக்குப் பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உன் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் திருச்சியிலிருந்து கெம்னிட்ஸுக்கு வேலைக்கு வந்திருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மா ஊசியிலை வளையம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் நான்கு சிவப்பு மெழுகுவர்த்திகள். அவர் வீட்டு வளையத்தில் ஒன்று மட்டும்தான் எரிகிறது. "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, இப்போதே ஏற்றலாமா? நான் இந்து, ஏற்றினால் தப்பா? ஆபீஸில் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், ஏன்? டிசம்பர் லீவில் என்ன செய்வது? அப்புறம் வரி வகுப்பு எது, ஜாக்கெட் எந்தக் கம்பெனி?"

கடைசி இரண்டை முதலில் முடித்துவிடுவோம். கல்யாணம் ஆகாதவன் என்றால் வரி வகுப்பு ஒன்று. உனக்கு அதில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. ஜாக்கெட்டுக்கு முன்னால் காதை மூடுகிற குல்லாயும் தண்ணீர் புகாத ஷூவும் வாங்கு. கம்பெனி பெயரெல்லாம் கூட வேலை செய்கிற பையன்களிடம் கேட்டுக்கொள், இருபது பேர் இருபது சொல்வார்கள்.

வளையத்துக்கு வருகிறேன். அந்த இடத்தில்தான் உன் கேள்வி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஏனென்றால் இதே வளையத்தில் நான் வசமாக மாட்டியிருக்கிறேன்.

2006 அக்டோபரில் டிரெஸ்டனுக்குப் படிக்க வந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடி. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கன், பூசைக்கு மணி அடித்த பையன். கிறிஸ்துமஸைப் பற்றி ஜெர்மன்காரன் எனக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்கிற திமிர் அப்போது நிறைய இருந்தது. டிசம்பர் 3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டுப் பாட்டி இதே மாதிரி ஒரு வளையத்தைக் கொண்டுவந்து தந்தார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. "டாங்க்கே" சொல்லிக் கதவைச் சாத்தினேன். நான்கு மெழுகுவர்த்தியையும் ஏற்றி, அறை விளக்கை அணைத்து, கூடப் படிக்கிற பையனிடம் கேமரா கடன் வாங்கி, வளையத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு போட்டோ. அம்மாவுக்கு ஈமெயில் கிடையாது. தங்கச்சி பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துப் போய்க் காட்டினாள். "பிள்ளை அங்கே பக்தியாய் இருக்கிறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் பாட்டி ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டு வந்தார். மேசைக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். நான்கு திரியும் கருத்திருந்தன. நான்கும் ஒரே உயரத்தில் அரை விரல் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒவ்வொரு திரியாகச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். கீழே போனவர் இரண்டு புது மெழுகுவர்த்தியோடு திரும்பி வந்தார். என்னுடைய மூன்றாவதையும் நான்காவதையும் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் புதிதைச் செருகினார். பழைய இரண்டையும் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் பம்பரத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற டீச்சர் மாதிரி. எனக்குக் காது சுட்டது.

அதனால் கேட்டுக்கொள். முதல் ஞாயிறு ஒன்று. இரண்டாம் ஞாயிறு அதையும் சேர்த்து இரண்டு. இப்படியே நான்காவது ஞாயிறு நான்கும் எரியும். வாரநாட்களில் சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாரத்துக்கு உரிய எண்ணிக்கைதான். முதலாவது குட்டையாகவும் கடைசி நெட்டையாகவும் படிக்கட்டு போல நிற்கவேண்டும். நீ இந்துவாக இருப்பதில் ஒரு தப்பும் இல்லை, அந்த அம்மாவே கோவிலுக்குப் போகாதவராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இது எதற்கு என்று உனக்குப் புரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. நம் மார்கழியை நினைத்துக்கொள். மார்கழி தை அல்ல. பொங்கல் வரப்போகிறது என்று மார்கழி முதல் தேதியே யாரும் பானை வைப்பதில்லை. விடியுமுன் எழுந்து கோலம் போட்டு, திருப்பாவை கேட்டு, கல்யாணம் காட்சி வைக்காமல் ஒரு மாதம் போகும். கிறிஸ்தவர்களுக்கு அட்வென்ட் ஏறக்குறைய அப்படித்தான். அட்வென்டுஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்று அர்த்தம். தமிழில் எங்கள் சபையில் திருவருகைக் காலம் என்போம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் எப்போதாவது விழும். மேற்கத்தியத் திருச்சபைகளுக்கு அன்றைக்குத்தான் வருடப்பிறப்பு. ஜனவரி ஒன்று அல்ல.

இந்தக் காலத்தில் கோவிலில் குருவானவருக்கு ஊதா உடுப்பு. வானவர் கீதம் பாடமாட்டார்கள். அதைக் கிறிஸ்துமஸ் இரவுக்காக எடுத்து வைத்துவிடுவார்கள். முதல் ஞாயிறு போய்ப் பார், குழந்தை இயேசு பற்றி ஒரு வார்த்தை இருக்காது. உலக முடிவு, விழித்திருங்கள், எந்த நேரம் வருவேன் என்று உங்களுக்குத் தெரியாது, இப்படித்தான் வாசகம் வரும். வருகை என்பது பெத்லகேம் மட்டுமல்ல, இனி வரப்போவதும்தான் என்று சொல்கிற காலம் இது. டிசம்பர் 17இலிருந்துதான் மாட்டுத்தொழுவம் பக்கம் பேச்சு திரும்பும். மூன்றாவது ஞாயிறு மட்டும் சற்று இளகி, ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடுப்பு. சில கத்தோலிக்க வீடுகளில் வளையத்தில் மூன்று ஊதா, ஒரு ரோஜா மெழுகுவர்த்தி இருக்கும். உன் எதிர்வீட்டு அம்மாவுடையது நான்கும் சிவப்பு என்கிறாய், இங்கே அதுதான் சாதாரணம்.

இந்த வளையம் பழைய ரோமாபுரிச் சங்கதி என்று நினைத்துவிடாதே. நானும் அப்படித்தான் பல வருடம் அளந்துகொண்டிருந்தேன். ஹாம்பர்கில் யோஹன் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற புராட்டஸ்டன்ட் போதகர், வறுமையில் தவித்த பிள்ளைகளுக்கு ராவுஹெஸ் ஹவுஸ் என்று ஒரு இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் அவரைத் தினமும் நச்சரித்திருக்கிறார்கள். 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும், மற்ற நாட்களுக்கு இருபது சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் வைத்து, தினம் ஒன்று ஏற்றிக் காட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு அது விளக்கு மட்டுமல்ல, நாட்காட்டியும் கூட. பின்னால் வீடுகளுக்குள் வரும்போது சக்கரம் சுருங்கி நான்கு மட்டும் மிஞ்சியது. கத்தோலிக்கர்கள் இதை 20ஆம் நூற்றாண்டில்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் பூசைக்கு மணி அடித்த கோவிலில் வளையம் இருந்தது. அதை ஒரு லுத்தரன் கண்டுபிடித்தார் என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, ஆபீஸில் ஏன் ஒரு மாதிரி பார்த்தார்கள்? தை பிறக்குமுன் ஒருவன் உன்னிடம் வந்து "பொங்கலோ பொங்கல்" என்றால் நீ எப்படிப் பார்ப்பாய்? அப்படித்தான். இப்போதைக்கு "ஷோனென் அட்வென்ட்" போதும். நல்ல அட்வென்டாக அமையட்டும் என்று பொருள். அதிலும் "ஷோனென் எர்ஸ்டென் அட்வென்ட்", "ஸ்வைட்டென் அட்வென்ட்" என்று முதலாவது, இரண்டாவது கணக்கு வைத்துச் சொன்னால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மானேஜர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் வாழ்த்தெல்லாம் லீவுக்குக் கிளம்புகிற அன்றைக்கு.

இன்னொன்று, சீரியல் லைட். நம் ஆட்கள் தீபாவளிக்குப் பால்கனியில் போட்டதைக் கழற்றாமல் அப்படியே கிறிஸ்துமஸ் வரை ஓட்டுவார்கள், பச்சை சிவப்பு நீலம் என்று மின்னி மின்னி. தீபாவளிக்குப் போடு, தாராளமாகப் போடு. அப்புறம் கழற்று. அட்வென்டுக்கு முந்தைய ஞாயிறு இங்கே புராட்டஸ்டன்ட்களுக்கு இறந்தோர் ஞாயிறு. அந்த வருடம் செத்துப்போனவர்கள் பெயரைக் கோவிலில் வாசிப்பார்கள், கல்லறைக்குப் போவார்கள். அது கழியுமுன் அலங்கார விளக்குப் போடுவது இங்கே பழைய ஆட்களுக்குச் சுருக்கென்று தைக்கும். சூப்பர்மார்க்கெட்காரன் மட்டும் செப்டம்பரிலேயே லேப்கூஹன் என்கிற கிறிஸ்துமஸ் மசாலா ரொட்டியை அடுக்கிவிடுவான். அவனுக்குச் செத்தவர்களும் இல்லை, வருகிறவரும் இல்லை.

நீ இருக்கிற இடம் சாதாரண இடம் இல்லை தம்பி. கெம்னிட்ஸிலிருந்து தெற்கே ஏறினால் எர்ட்ஸ்கெபிர்கே, அதாவது தாது மலைகள். வெள்ளியும் தகரமும் தோண்டிய ஊர்கள். குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி இருட்டில் இறங்கி, இருட்டிலேயே ஏறி வருவான். வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்கமாட்டான். அதனால்தான் அந்தப் பக்கத்து மக்களுக்கு ஜன்னலில் விளக்கு வைப்பதில் அப்படி ஒரு வெறி என்பார்கள். எல்லா ஜன்னலிலும் அரைவட்ட வளைவில் ஏழு விளக்கு எரிவதைப் பார்த்திருப்பாயே, அதற்கு ஷ்விப்போகன் என்று பெயர். யோஹான்கெயோர்கென்ஸ்டாட்டில் 1740இல் ஒரு கொல்லர் செய்ததுதான் இன்று வரை தெரிகிற மிகப் பழையது. வீட்டில் எத்தனை ஆண் பிள்ளையோ அத்தனை சுரங்கத் தொழிலாளி பொம்மை, எத்தனை பெண் பிள்ளையோ அத்தனை தேவதை பொம்மை ஜன்னலில் நிற்கும். தெருவில் நடந்துபோகிறவன் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நான்காவது அட்வென்ட் சமயத்தில் அன்னாபெர்க்-புக்ஹோல்ட்ஸ் ஊருக்குப் போ. சுரங்கச் சீருடையில் பேண்டு வாத்தியத்தோடு பெரிய ஊர்வலம் நடக்கும். காசு கொடுத்துப் பாரிஸுக்குப் பஸ் ஏறுவதற்குப் பதில் இதைப் பார்.

பொம்மை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வாயைத் திறந்து புகைவிடுகிற மரப் பொம்மை ஒன்று கடைகளில் இருக்கும். உள்ளே கூம்பு மாதிரி ஒரு சின்னத் துண்டைக் கொளுத்தி வைப்பார்கள். பாட்டி வீட்டில் முதல்முறை அதைக் கொளுத்தியபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். கரித்தூள், சாம்பிராணி, சந்தனம். நம் ஊர்க் கம்ப்யூட்டர் சாம்பிராணியேதான்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்து வீட்டில் வருகிற வாசனை, மைனஸ் ஐந்து டிகிரியில், கெம்னிட்ஸும் டிரெஸ்டனும் இருக்கிற இந்த சாக்ஸனி மாநிலத்து மரப் பொம்மை ஒன்றின் வாயிலிருந்து வருகிறது. அன்றைக்கு நான் பாட்டியிடம் ஜெர்மனில் பேசிய அளவு அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் பேசியதில்லை.

இப்போது அந்தக் கோவிலுக்குப் போகாத விஷயம். சாக்ஸனியில் பெரும்பாலானவர்கள் எந்தச் சபையிலும் இல்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த கிழக்கு ஜெர்மனி காலத்து நாற்பது வருடத்தின் மிச்சம் அது. பாட்டிக்கும் ஞானஸ்நானம் கிடையாது. ஆனால் அட்வென்டில் அவர் வைத்திருந்த ஒழுங்கு, தூத்துக்குடியில் பாதி வீடுகளில் கிடையாது. அப்போதைய அரசாங்கம் தேவதை என்கிற பேச்சே வேண்டாமென்று 'ஆண்டிறுதிச் சிறகுப் பொம்மை' என்று பெயர் வைத்ததாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நிஜமா, கேலிக்குக் கட்டிய கதையா, யாருக்குத் தெரியும்.

அவர் பேச்சில் சிரிப்பு வராத இடமும் உண்டு. ஸ்டோலன் என்கிற கிறிஸ்துமஸ் ரொட்டி செய்ய உலர் திராட்சையும் சர்க்கரைப் பாகில் ஊறிய நார்த்தைத் தோலும் அந்த நாளில் கிடைக்காது. மேற்கு ஜெர்மனியில் சொந்தக்காரர் இருந்தால் பார்சலில் வரும். இல்லாதவர்களுக்கு, பச்சைத் தக்காளியைப் பாகில் ஊறவைத்து நார்த்தைத் தோல் மாதிரி விற்றார்களாம். சாமான்களை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பேக்கரிக்காரரிடம் போய் நின்று, தன் மாவைத் தன் கண் முன்னால் பிசையவைத்து, அடுப்பிலிருந்து வந்ததும் அடையாளத்துக்குப் பெயர்த் தகடு குத்தி வாங்கி வருவார்கள். கிறிஸ்துமஸ் முறுக்கு சுடும்போது எங்கள் பெரியம்மா எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராமல் நிற்பாள், அந்த ஞாபகம் வந்தது.

ஸ்டோலன் சரித்திரமும் அட்வென்ட் சரித்திரம்தான். அந்தக் காலத்தில் அட்வென்ட் ஒருசந்தி நாட்கள். இறைச்சி, பால், வெண்ணெய் எதுவும் ஆகாது. அதனால் ஸ்டோலன் வெறும் மாவும் எண்ணெயும் சேர்ந்த வறட்டு ரொட்டியாக இருந்தது. இங்கே நல்ல எண்ணெயும் கிடையாது. சாக்ஸனி ஆட்சியாளர்கள் ரோமுக்கு எழுதி எழுதிக் கடைசியில் 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய் சேர்க்க அனுமதிக் கடிதம் கொடுத்தார். ஒரு பண்டத்தில் வெண்ணெய் போட போப்பாண்டவர் கையெழுத்து! எங்கள் ஊரில் மக்ரூனுக்கு அப்படி ஏதும் தேவைப்படவில்லை, நல்லவேளை. இங்கே டிரெஸ்டனில் 1434இலிருந்து நடக்கிற ஸ்ட்ரீட்ஸெல்மார்க்ட் சந்தைக்குப் பெயரே இந்த ரொட்டியின் பழைய பெயரிலிருந்து வந்ததுதான். மேலே வெள்ளையாகச் சர்க்கரைப் பொடி தூவியிருப்பது துணியில் சுற்றிய குழந்தை இயேசு என்பார்கள். வாங்கினால் ஒரு ஓரத்திலிருந்து வெட்டாதே. நடுவில் வெட்டி, வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு, இரண்டு பாதியையும் மறுபடி ஒட்டிவை. காயாது. இதுவும் பாட்டி பாடம்.

டிரெஸ்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் புல்ஸ்னிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1558இலிருந்து ஃபெஃபர்கூஹன் என்கிற மசாலா ரொட்டி செய்கிற ஊர். ஃபெஃபர் என்றால் மிளகு, ஆனால் போடுவது பட்டை, கிராம்பு, ஏலக்காய் வகையறா. வாசனைப் பொருள் எல்லாமே அந்தக் காலத்தில் இவர்களுக்கு 'மிளகு'தான். டிசம்பரில் ஒரு நாள் அதை வாங்கப் போனேன். 1682இல் அந்த ஊரில் பிறந்தவர்தான் சீகன்பால்கு! 1706இல் தரங்கம்பாடியில் கப்பலிறங்கி, தமிழ் படித்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அதே மனிதர். ஏலக்காய் வாசனை அடிக்கிற ஊரில் பிறந்தவர் ஏலக்காய் விளைகிற திசைக்கே வந்து சேர்ந்தார். அவரும் முதல் வருடம் மொழி தெரியாமல், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தவித்திருப்பார். எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரி தெம்பாக இருந்தது.

டிசம்பர் 6 ஞாபகம் வைத்துக்கொள், நிக்கோலாஸ் திருநாள். 5ஆம் தேதி ராத்திரி பிள்ளைகள் ஷூவைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் இனிப்பு இருக்கும். இது தெரியாமல் நான் எப்போதும்போல் ஷூவைக் கதவுக்கு வெளியே மாடிப்படியில் விட்டிருந்தேன். நாம் எந்த நாட்டிலும் வெளியேதான் விடுவோம். காலையில் கால் நுழைத்தால் உள்ளே ஏதோ உருள்கிறது. இரண்டு வால்நட், ஒரு கமலா ஆரஞ்சு. யாரோ பையன்கள் இந்தியன் ஷூவில் குப்பை போட்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கையில் பிடித்துக்கொண்டு நேரே பாட்டியிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துடைக்காத ஷூவுக்கு இதுவே அதிகம்" என்றார்.

இந்த இடத்தில் நம் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். "ஜெர்மன்காரன் ரோபோ, பக்கத்து வீட்டில் செத்தால்கூடக் கேட்கமாட்டான்" என்று பத்து வருடமாகப் புலம்புகிறவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். ஒரு அட்வென்ட் காபிக்குக் கூப்பிட்டால் போகமாட்டார்கள். "அன்றைக்கு எங்கள் குரூப்பில் பிரியாணி" என்பார்கள். லீவு கிடைத்தால் ஒன்பது நாளில் ஏழு நாடு. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு காந்த ஸ்டிக்கர். மறுபக்கம், வந்து மூன்று மாதத்தில் தமிழே மறந்துவிட்டதாக நடிக்கிற கூட்டமும் உண்டு, அவர்களைப் பற்றி இன்னொரு நாள். என் சபைக்காரர்களை மட்டும் விட்டுவிடுவேனா? டிசம்பர் முதல் வாரத்திலேயே 'கிறிஸ்துமஸ் கலைவிழா' வைத்து, கேக் வெட்டி, சாண்டா வேடம் போட்டு ஆடி முடித்துவிடுவார்கள். 25ஆம் தேதி வரும்போது எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். கிறிஸ்துமஸ் காலம் 25இல் ஆரம்பிக்கிறது தம்பி, அன்றைக்கு முடிவதில்லை. சொன்னால் என்னைப் பழமைவாதி என்கிறார்கள், பரவாயில்லை.

காபிக்குக் கூப்பிட்டால் போ. இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்ததே. ஞாயிறு மூன்று மணிக்கு என்றால் மூன்று மணிக்கு. கையில் ஏதாவது கொண்டுபோ. நான் முதலில் ரவா லட்டு கொண்டுபோனேன், காலியாகிவிட்டது. முறுக்கு கொண்டுபோனால் பல் போகுமோ என்று பயப்படுவார்கள். இந்த நான்கு வாரம்தான் இவர்கள் கதவு திறந்திருக்கும் காலம். 24ஆம் தேதி வந்தால் சாத்திவிடும், அது குடும்பத்துக்கு மட்டும்.

அந்த 24தான் உன் லீவுக் கேள்விக்குப் பதில். கவனமாகக் கேள். 24 மதியத்தோடு கடைகள் மூடும். 25, 26 இரண்டும் விடுமுறை. பக்கத்தில் ஞாயிறு வந்து ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். நான் வந்த 2006இல் 24ஆம் தேதியே ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பகலெல்லாம் தூங்கிவிட்டு ஞாயிறு காலை பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஷட்டர். அடுத்த கடை, ஷட்டர். புதன்கிழமை காலைதான் திறக்கும் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் அரிசி இருந்தது, எலுமிச்சை ஊறுகாய் இருந்தது, ஒரு வெங்காயம் இருந்தது. பெரிய ரயில் நிலையத்தில் கடை திறந்திருக்கும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. தெருவில் டிராம் கூட ஆளில்லாமல் போகிறது. தூத்துக்குடியில் இந்நேரம் பனிமய மாதா கோவில் பக்கம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். ஊரில் சிரட்டையில் கேழ்வரகு முளைக்கவைத்துக் குடிலில் புல் பரப்புவது என் வேலை. அந்த வருடம் தங்கச்சி செய்தாளாம்.

சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. எல்லாக் கோவில் மணியும் ஒன்றாக அடித்தது. கீழே இறங்கிப் போய்ப் பாட்டியிடம் உப்பு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், உண்மையில் உப்பு இருந்தது. அதற்குள் அவரே கதவைத் தட்டிவிட்டார். அவர் மகன் மேற்கே வேலை செய்கிறான், பனியில் கார் எடுக்கவில்லை. மேசையில் உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும். இங்கே 24 ராத்திரி நிறைய வீடுகளில் இதுதான் சாப்பாடு, பெரிய விருந்து 25இல். அந்த வருடம் நான்காவது அட்வென்டும் 24ஆம் தேதியும் ஒரே நாள். அதனால் அவர் வளையத்தில் நான்காவது இன்னும் ஏற்றாமல் இருந்தது. தீப்பெட்டியை என்னிடம் நகர்த்தினார். அப்புறம், "இரு" என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து எதையோ எடுத்து வந்தார். என்னிடம் பிடுங்கிய அந்த இரண்டு மெழுகுவர்த்தி. அவற்றைச் சாசர் ஒன்றில் நிறுத்தி வைத்து, "இப்போது போட்டோ எடுத்துக்கொள்" என்றார். கேமரா பையன் ஊருக்குப் போய்விட்டிருந்தான்.

இப்போது எனக்கு ஊரில் இருப்பதைவிட இங்கே டிசம்பர்தான் பழகிவிட்டது. காலை ஆறு மணிக்கு எங்கள் பங்குக் கோவிலில் மின்விளக்கு எதுவும் போடாமல் மெழுகுவர்த்தியில் மட்டும் திருப்பலி இருக்கும், ரோராட்டே என்பார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ரொட்டி, காபி, வேலைக்கு ஓட்டம். டிரெஸ்டன் பக்கம் ஒரு நாள் வந்தால் என்னோடு வா, மார்கழிக் காலை மாதிரிதான் இருக்கும், கோலம்தான் இல்லை. 24 சாயங்காலம் இங்கே கோவிலைப் பார்க்க நினைத்தால் ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார். வருடம் பூராவும் வராதவர்கள் அன்றைக்கு வருவார்கள்.

சந்தையில் க்ளூவைன், அதாவது மசாலா போட்ட சூடான ஒயின், குடிப்பாய். இரண்டோடு நிறுத்து. கோப்பைக்கு ஃபாண்ட் என்று கூடுதல் காசு வாங்குவான், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். "கோப்பை இலவசம்" என்று எடுத்துப்போனதாகப் பெருமைப்படுகிற நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வளையத்தை ஹீட்டர் மேலே இருக்கிற ஜன்னல் திண்டில் வைக்காதே. நான் இரண்டாவது வருடம் வைத்தேன். மூன்றாவது ஞாயிறுக்குள் இலை மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஊருக்கு போன் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் கரும்புச் சக்கை மாதிரிப் பற்றிக்கொண்டது. பக்கத்தில் அரிசி கழுவி வைத்த தண்ணீர் இருந்ததால் பிழைத்தேன். ஜன்னல் திண்டில் விழுந்த கருப்புத் தழும்புக்கு வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். பீங்கான் தட்டில் வை, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளி, அறையை விட்டு எழுந்தால் அணைத்துவிடு.

வரும் ஞாயிறு இரண்டாவது. முதலாவதையும் சேர்த்து ஏற்று. இதற்குள் ஆர்வக்கோளாறில் நான்கையும் ஏற்றியிருந்தால், எதிர்வீட்டு அம்மா வருமுன் சூப்பர்மார்க்கெட்டில் அதே சிவப்பு, அதே பருமனில் மூன்று வாங்கி மாற்றிவிடு. சனிக்கிழமையே வாங்கு, ஞாயிறு கடை கிடையாது.